நடக்காதவற்றின் கணக்கு

வருடக் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு படிவம் வரும். எத்தனை போன் அழைப்புகள், எத்தனை வீடுகளுக்கு நேரில் போனோம், எத்தனை பேரைத் தங்குமிடத்தில் சேர்த்தோம், எத்தனை கேஸ் கோர்ட்டுக்குப் போனது என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். ஒரு வருடம் யாரோ அதில் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்துவிட்டார்கள். 'தடுக்கப்பட்ட வன்முறைச் சம்பவங்களின் எண்ணிக்கை.'

மற்றதையெல்லாம் அரை மணி நேரத்தில் நிரப்பிவிட்டேன். இங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஒரு தாய் ஒரு ராத்திரி, நிறுத்தாமல் அழுத குழந்தையை உலுக்காமல், கட்டிலில் கிடத்திவிட்டு வெளியே வந்து நின்றிருந்தாள் என்றால் அது எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே அது ஒரு சம்பவமாக நினைவிருக்காது. ஒரு கோடு போட்டு அனுப்பினேன். 'விவரம் இல்லாவிட்டால் பூஜ்யம் போடவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பூஜ்யம் போட்டேன்.

இந்தத் துறைக்கு வந்து 14 வருடம் ஆகிறது. குழந்தைகள் மீதான வன்முறை, குடும்ப வன்முறை இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் தடுப்புப் பணி. இந்த வேலைக்கு வரலாமா என்று அவ்வப்போது இளையவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. இதில் வரும் மனிதர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். சிலர் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒருவராக ஆனவர்கள்.

நான் வந்தது மீட்பதற்கு. 23 வயதில் வேறு எதற்கு வருவார்கள்? கதவைத் தட்டுவேன், உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும், தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். முதல் மாதமே அந்தப் படம் கிழிந்தது.

ஆறு வயதுப் பையன். முதுகில் தழும்பு இருக்கிறது என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தது. கூட வரவேண்டிய சீனியர் வேறு கேஸில் மாட்டிக்கொண்டார். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நானே போய்விட்டேன். பையனைத் தனியாக உட்காரவைத்து, ரொம்ப அன்பாகத்தான் கேட்டேன். "அப்பா அடிச்சாரா?" தலையாட்டினான். "பெல்ட்டாலயா?" தலையாட்டினான். "நிறைய தடவையா?" அதற்கும் ஆட்டினான். திரும்பி வந்து நாலு பக்கம் ரிப்போர்ட் எழுதினேன். கைகூட நடுங்கியது, கோபத்தில்.

சீனியர் படித்துவிட்டுக் கேட்டார். "இதுல பையன் சொன்னது எது?"

எனக்குப் புரியவில்லை.

"நீ சொன்னதுக்கெல்லாம் அவன் தலையாட்டியிருக்கான். அவனாச் சொன்ன ஒரு வார்த்தையைக் காட்டு பார்ப்போம்."

நாலு பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் அவரே போனார். அரை மணி நேரம் பையனோடு உட்கார்ந்து படம் வரைந்திருக்கிறார். அப்புறம், "அன்னைக்கு நான் அங்க இல்ல, எனக்கு ஒண்ணும் தெரியாது. முதல்லேர்ந்து நீ சொல்லு" என்று மட்டும் கேட்டிருக்கிறார். பையன் சொன்னான். அடித்தது அப்பா இல்லை, வீட்டோடு இருந்த வேறொரு உறவினர். நான் "அப்பாவா" என்றதும், பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டியிருக்கிறான். என் ரிப்போர்ட் அப்படியே மேலே போயிருந்தால் அடித்தவர் வீட்டிலேயே இருந்திருப்பார், காப்பாற்றக்கூடியவர் வெளியே நின்றிருப்பார்.

கேள்வியால் ஒரு வழக்கே கெட்டுப்போன கதை இந்தத் துறையில் பிரபலம். 1983இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெக்மார்ட்டின் என்ற மழலையர் பள்ளியில் குழந்தைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துகிறார்கள் என்று புகார் கிளம்பியது. நூற்றுக்கணக்கான குழந்தைகளை விசாரித்தார்கள். மற்ற குழந்தைகள் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல்லிவிடு என்கிற பாணியில் கேள்விகள். சொன்னால் பாராட்டு, இல்லையென்றால் மறுபடியும் அதே கேள்வி. வழக்கு 1990 வரை இழுத்தது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. அந்தப் பதிவுகளைப் பார்த்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் குழந்தைகளிடம் எப்படிக் கேட்கக் கூடாது என்பதை அக்கக்காகப் பிரித்து எழுதினார்கள். இன்றைக்கு நாங்கள் கற்றுக்கொள்ளும் முறையில் பாதி அந்தத் தோல்வியிலிருந்து வந்தது. "என்ன நடந்துச்சு, சொல்லு." "அப்புறம்?" "அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லு." இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசப் பழக எனக்கு இரண்டு வருடம் ஆனது. நடுவில் வரும் மௌனத்தை நிரப்பாமல் இருப்பதுதான் கஷ்டம்.

இன்னொரு பாடமும் அதே காலத்தில்தான் வந்தது. துன்பப்பட்ட குழந்தை அதைப் போலீஸிடம் ஒருமுறை, டாக்டரிடம் ஒருமுறை, சமூகப் பணியாளரிடம், வக்கீலிடம், கோர்ட்டில் என்று ஊரெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. 1985இல் அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் ஓர் அரசு வழக்கறிஞர் இதைத் தலைகீழாக்கினார். குழந்தை எல்லோரிடமும் போகவேண்டாம், எல்லோரும் குழந்தை இருக்கும் இடத்துக்கு வரட்டும் என்று வீடு மாதிரியான ஒரு மையத்தை ஆரம்பித்தார்கள். 1998இல் ஐஸ்லாந்து தன் தலைநகரில் 'பார்னாஹுஸ்' திறந்தது. குழந்தைகளின் வீடு என்று பொருள். ஓர் அறையில் குழந்தையும் பயிற்சி பெற்ற ஒருவரும் மட்டும் இருப்பார்கள். மற்றவர்கள் பக்கத்து அறையில் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்கவேண்டியது இருந்தால் உள்ளே இருப்பவருக்குச் சொல்லலாம். பதிவு கோர்ட்டுக்குச் சாட்சியாகப் போகும். எனக்கு வாய்த்த இடங்களில் இவ்வளவு வசதி இருந்ததில்லை. இருந்தாலும் 'இதை இந்தக் குழந்தை ஏற்கெனவே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறது' என்று ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதும் பழக்கம் அதைப் படித்த பிறகு வந்தது.

ஒரு பதினொரு வயதுப் பெண். "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க அக்கா" என்றாள். இந்த வேலையில் எல்லோருக்கும் வரும் இடம் இது. நாக்கு நுனி வரை 'சரிம்மா' வந்துவிடும். வரக்கூடாது. ஏனென்றால் அடுத்த நிமிஷம் அவள் சொல்லப்போவதை நான் சொல்லியே ஆகவேண்டும். "உன்னைப் பாதுகாக்க யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்வேன். யாருக்குச் சொல்லப்போறேன்னு உன்கிட்ட முதல்லயே சொல்லிடுவேன்" என்றேன். முகம் மூடிக்கொண்டது. ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விட்டாள்.

மூன்று வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. தவறவிட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். நாலாவது வாரம் அவளாகவே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவளைத் தொட்டவனும் 'இது நமக்குள்ள ரகசியம்' என்றுதான் ஆரம்பித்திருந்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று நானும் சத்தியம் செய்திருந்தால், அவளுக்கு ரகசியம் கேட்கும் இரண்டாவது ஆளாகியிருப்பேன்.

வேலைக்கு வந்த புதிதில், இவ்வளவு நடக்கிறதே, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாதா என்று கோபப்படுவேன். தெரியாமல் இருக்கமுடியும். படித்தவர்களுக்கே முடிந்திருக்கிறது. 1946இல் ஜான் கேஃபி என்ற எக்ஸ்ரே மருத்துவர், மண்டைக்குள் ரத்தக்கட்டு இருந்த ஆறு கைக்குழந்தைகளின் கைகால்களில் 23 எலும்பு முறிவுகளைக் கண்டு எழுதினார். குழந்தைகளுக்கு எலும்பு நோய் இல்லை. எப்படி முறிந்தது என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. படம் கண் முன்னால் இருந்தது. ஆனால் பெற்றவர்களே செய்திருப்பார்கள் என்பதை மருத்துவ உலகம் உரக்கச் சொல்ல 16 வருடம் பிடித்தது. 1962இல் ஹென்றி கெம்பேயும் அவரது சகாக்களும் 'அடிபட்ட குழந்தை' என்பதற்கு ஒரு மருத்துவப் பெயரைக் கொடுத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். 71 மருத்துவமனைகளில் விசாரித்ததில் ஒரே வருடத்தில் 302 குழந்தைகள். அதில் 33 பேர் இறந்துவிட்டார்கள், 85 பேருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு. இதெல்லாம் மருத்துவமனை வரை வந்த குழந்தைகள் மட்டும். அடுத்த ஐந்தாறு வருடங்களுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், சந்தேகம் வந்தாலே தகவல் சொல்லவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஒரு பெயர் இருந்ததால் பார்க்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

தகவல் வந்தும் காப்பாற்றாத கதை இன்னொரு வகை. லண்டனில் 2000ஆம் ஆண்டு எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே இறந்தபோது அவள் உடம்பில் 128 காயங்கள். சமூகநலத் துறை, போலீஸ், மருத்துவமனைகள் எல்லோரும் அவளை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். லார்டு லேமிங் தலைமையிலான விசாரணை 2003இல் அறிக்கை கொடுத்தது. குறைந்தது 12 முறை அவளைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்தது என்றது. ஒவ்வோர் அலுவலகத்திடமும் ஒரு துண்டு இருந்தது. யாரும் துண்டுகளை ஒட்டவில்லை. எங்கள் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. ஒரே குழந்தை மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று ஃபைல்களில் இருந்ததை நானே கண்டுபிடித்தேன். மூன்றிலும் 'கவலைப்பட ஏதுமில்லை' என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து யாராவது "பேப்பர் வேலைதானே" என்றால் எனக்கு எரிச்சல் வரும். பேப்பர் வேலைதான் பாதி வேலை.

சரி, பெண்கள் பக்கம் வருகிறேன். வேலையைப் பற்றித் தெரிந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அவ ஏன் விட்டுட்டு வரமாட்டேங்கறா?" நானும் மனதுக்குள் கேட்டிருக்கிறேன். ஒரு பெண்ணிடம் கிட்டத்தட்ட கேட்டேவிட்டேன். "வாங்க, இன்னைக்கே கிளம்பிடலாம், தங்குமிடத்துல இடம் இருக்கு." அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நான் வீட்டுக்குள்ள இருந்தா அவர் என்ன பண்ணுவார்னு எனக்குத் தெரியும் மேடம். வெளிய போனா என்ன பண்ணுவார்னு தெரியாது."

அவர் சொன்னதைத்தான் ஆராய்ச்சியும் சொல்கிறது என்பது பிறகு தெரிந்தது. விட்டுப் போவதும், போன பிறகு வரும் நாட்களும்தான் உயிருக்கு அதிக ஆபத்தான காலம். ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் ஆராய்ச்சியாளர் 1980களின் நடுவில் அபாயத்தை மதிப்பிட ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். பெண்கள் தாங்களே ஒரு காலண்டரில் அடிபட்ட நாட்களைக் குறித்துப் பார்ப்பதில் அது ஆரம்பிக்கிறது. அதன் வழியில் வந்த பட்டியல்களை நாங்களும் பயன்படுத்துகிறோம். கேள்விகள் சாதாரணமாகத்தான் இருக்கும். அடி சமீபத்தில் அதிகமாகியிருக்கிறதா? வீட்டில் ஆயுதம் இருக்கிறதா? கர்ப்பமாக இருந்தபோது அடித்ததுண்டா? கொன்றுவிடுவேன் என்று மிரட்டினானா? கழுத்தை நெரித்திருக்கிறானா?

கடைசிக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். "அடிச்சாரா?" என்றால் "இல்ல" என்பார்கள். "கழுத்துல கைய வச்சு அமுக்கினாரா?" என்றால், "ஆமா, அது ஒரு தடவ, கோவத்துல" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். காயமே தெரியாது. மறுநாள் குரல் கொஞ்சம் கம்மியிருக்கும், அவ்வளவுதான். 2008இல் வந்த ஓர் ஆய்வின்படி, துணைவன் முன்பு கழுத்தை நெரித்திருந்தால், அவன் கையால் கொலையாகும் அபாயம் ஏறக்குறைய 7 மடங்கு. அதனால் அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' வந்தால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். மருத்துவரிடம் போகாமல் அன்றைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பமாட்டேன், முடிந்தவரை.

அதற்குப் பிறகுதான் நிஜ வேலை. பாதுகாப்புத் திட்டம் என்று பெயர். கேட்டால் ஏதோ பெரிய ஆவணம் மாதிரி இருக்கும். இரண்டு பேர் தலையைச் சாய்த்துக்கொண்டு வீட்டின் வரைபடத்தைத் துண்டுக் காகிதத்தில் கிறுக்குவதுதான் அது. சண்டை ஆரம்பித்தால் எந்த அறைக்குப் போகக்கூடாது? சமையலறை, குளியலறை. ஒன்றில் கத்தி, இன்னொன்றில் வெளியே வழி இல்லை. அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், மாத்திரை, ஒரு மாற்றுச் சாவி இதெல்லாம் யார் வீட்டில் இருக்கும்? பிள்ளைக்கு எந்த வார்த்தையைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்கு ஓடவேண்டும் என்று தெரியும்? போனில் இருக்கும் இடத்தைக் காட்டும் வசதி யாருடைய போனோடு இணைந்திருக்கிறது? எங்கள் நம்பரை என்ன பெயரில் சேமிப்பது? பேசி முடித்ததும் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவோம். அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. என் சிறந்த வேலைகள் எல்லாம் குப்பைக்கூடையில்தான் கிடக்கின்றன.

அடி மட்டும்தான் வன்முறை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு சக்கரத்தின் படம். 1984இல் அமெரிக்காவின் டுலூத் நகரில், அடிபட்ட பெண்களோடு உட்கார்ந்து பேசி உருவாக்கியது. சக்கரத்தின் விளிம்பில் அடி இருக்கும். உள்ளே ஆரங்களுக்கு நடுவில் பணத்தைப் பிடித்துவைப்பது, பிள்ளைகளை வைத்து மிரட்டுவது, யாரோடும் பேசவிடாமல் செய்வது, நடந்ததை நடக்கவே இல்லை என்பது. பல வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறைதான் கை நீளும். மீதி 364 நாளும் உள்ளே இருப்பது ஓடிக்கொண்டிருக்கும். இங்கிலாந்தும் வேல்ஸும் 2015இல் இப்படிக் கட்டுப்படுத்தி வைப்பதையே தனிக் குற்றமாக்கின. அந்தச் சக்கரம் எல்லா உறவுக்கும் பொருந்தாது என்று விமர்சனம் உண்டு, நியாயமானதுதான். ஆனால் ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "இதெல்லாம் எங்க வீட்ல பாத்து எழுதினதா?" என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ரொம்ப நாள் குழந்தைகள் கேஸ் ஒரு மேஜையிலும் பெண்கள் கேஸ் இன்னொரு மேஜையிலும் இருந்தன. எங்கள் அலுவலகத்திலேயே நடுவில் ஒரு சுவர் இருந்தது, நிஜமான சுவர். ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் போய் வந்த நாட்கள் உண்டு. பெண்கள் பக்கத்து ஆள் "அம்மாவுக்கு உதவணும்" என்பார். குழந்தைகள் பக்கத்து ஆள் "அம்மா குழந்தையைக் காப்பாத்தத் தவறிட்டாங்க" என்று எழுதுவார். இந்த இரண்டாவது வாக்கியத்தை நானும் எழுதியிருக்கிறேன். இப்போது எழுதமாட்டேன். அடித்தவனைப் பற்றி அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இருக்காது. குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்திலேயே அந்த அம்மா அடுத்த முறை யாரையும் கூப்பிடமாட்டார்.

தடுப்புப் பணி உண்மையிலேயே பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது எல்மைரா கதை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். 1970களின் கடைசியில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் அங்கே 400 கர்ப்பிணிகளை வைத்து ஒரு சோதனை ஆரம்பித்தார். முதல் பிரசவம், பெரும்பாலும் வயது குறைந்தவர்கள், வசதியில்லாதவர்கள். ஒரு பகுதியினருக்குக் கர்ப்பகாலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்துபோவார். தூக்கம், பால், அழுகை, கோபம், வேலை, அடுத்த குழந்தை எப்போது என்று சாதாரணப் பேச்சுதான். 15 வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த வீடுகளில் குழந்தை வன்முறை, கவனிப்பின்மை பற்றிய உறுதியான புகார்கள் ஏறக்குறைய பாதிதான் இருந்தன. யாரும் யாரையும் மீட்கவில்லை. கதவைத் தட்டியது பிரச்சினை வருவதற்கு முன்னால்.

ஆனால் கதையின் இரண்டாம் பாதியை நிறைய பேர் சொல்வதில்லை. அதே தாய்மார்களின் விவரங்களை 2000ஆம் ஆண்டில் மறுபடி அலசினார்கள். அந்த 15 வருடத்தில் 28 முறைக்கு மேல் துணைவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன தாய்மார்களின் வீட்டில், செவிலியர் வந்துபோனதால் குழந்தைகளுக்குப் பலன் தெரியவில்லை. இதைப் படித்த அன்று எங்கள் அலுவலகச் சுவரைத்தான் நினைத்தேன். அம்மாவுக்கு வரும் அடியைப் பார்க்காமல் குழந்தைக்கு வரும் அடியைத் தடுக்கமுடியாது. சுவரை இடிக்கச் சொல்லி நாலு கடிதம் எழுதினேன். கடைசியில் ஒரு கதவு வைத்தார்கள். பரவாயில்லை.

அந்தச் சாதாரணப் பேச்சில் எனக்குப் பிடித்தது அழுகையைப் பற்றியது. கைக்குழந்தையின் அழுகை இரண்டாம் மாதத்தையொட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நாலு மாதத்தில் தானாகக் குறையும். எந்தக் காரணமும் இல்லாமல் சாயங்காலத்தில் மணிக்கணக்கில் அழும் குழந்தைகள் உண்டு. இது யாருடைய குறையும் இல்லை என்று பெற்றவர்களுக்குத் தெரிவதே பெரிய விஷயம். கையிலிருக்கும் குழந்தையை உலுக்கவேண்டும் போல வெறி வந்தால், மல்லாக்கக் கட்டிலில் பத்திரமாகக் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, சில நிமிஷம் வெளியே போய் நில்லுங்கள். அழட்டும். அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, உலுக்கினால் ஆகும். இதை நான் அப்பாக்களிடமும் சொல்வேன், அவர்கள் சிரித்து மழுப்பினாலும். ஒருவர் மட்டும் சிரிக்காமல், "எனக்கு அப்படித் தோணியிருக்கு" என்றார். அவரைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

சட்டமும் இப்படி மெதுவாகப் பேசமுடியும். 1979இல் ஸ்வீடன், பெற்றோர் உட்பட யாரும் குழந்தையை அடிக்கக்கூடாது என்று உலகத்திலேயே முதலாவதாகச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தில் தனியாகத் தண்டனை எதுவும் வைக்கவில்லை. பதிலாக, பால் பாக்கெட்டுகளில் அதைப் பற்றி அச்சடித்தார்கள், காலையில் மேஜையில் குழந்தையும் பெற்றோரும் சேர்ந்து படிக்கட்டும் என்று. போலீஸை அனுப்பாமல் பால் பாக்கெட்டை அனுப்பிய அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

குழந்தைப் பருவத்து வலி பெரியவனான பிறகும் உடம்பில் தொடரும் என்பதை 1998இல் ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்கள் வெளியிட்ட பெரிய ஆய்வு காட்டியது. சின்ன வயதில் ஒருவருக்கு எத்தனை வகைக் கொடுமைகள் நேர்ந்தன என்று எண்ணினார்கள், அம்மா அடிபடுவதைப் பார்த்து வளர்ந்ததையும் அதில் ஒரு வகையாகச் சேர்த்திருந்தார்கள். ஆனால் பயிற்சி வகுப்புகளில் அதை மதிப்பெண் அட்டை மாதிரி ஆக்கிவிட்டார்கள். "உனக்கு எத்தனை?" "எனக்கு ஆறு." ஒரு பையன் தன் எண்ணைச் சொல்லிவிட்டு, "அப்ப நான் சீக்கிரம் செத்துடுவேனா?" என்று கேட்டான். ஆய்வை நடத்திய ஆண்டாவே 2020இல், இது மக்கள்தொகையைப் புரிந்துகொள்ளச் செய்தது, தனி ஆளின் தலையெழுத்தைச் சொல்ல இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதினார். ஜோசியம் பார்ப்பது நம் வேலை இல்லை.

அடித்த ஆண்களோடு வேலை செய்வதைப் பற்றி ஒரே ஒரு விஷயம். குழுவில் உட்கார்ந்து பேசவைக்கும் நிகழ்ச்சிகளில் மூன்று வருடம் இருந்தேன். சிலர் மாறினார்கள். சிலர் நாங்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு வீட்டில் இன்னும் நைசாக மிரட்டினார்கள். மாறிவிட்டானா என்று அவனிடம் கேட்பதில் பிரயோஜனம் இல்லை, அவளிடம்தான் கேட்கவேண்டும் என்பது மட்டும் தெளிவானது.

இதெல்லாம் நம்மை என்ன செய்யும்? 1990இல் மெக்கான், பேர்ல்மன் என்ற உளவியலாளர்கள் இதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள். மற்றவர்களின் கொடுமைகளைக் கேட்டுக் கேட்டு, கேட்பவரின் உலகமே கோணலாகிவிடுவது. எனக்கு வந்தபோது நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வெளியே போக எத்தனை கதவு என்று எண்ணுவேன். அக்கா மகளை யார் மடியில் உட்காரவைத்தாலும் எழுந்து போய்த் தூக்கிக்கொள்வேன். ஒருநாள் அக்கா கேட்டாள், "உனக்கு இந்த வீட்ல எல்லார் மேலயும் சந்தேகமா?" கேட்டுவிட்டு அழுதாள். நான் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அப்போது என்னைக் காப்பாற்றியது தியானமோ விடுமுறையோ இல்லை, மேற்பார்வை. வாரத்துக்கு ஒரு மணி நேரம், மூத்த ஒருவரோடு உட்கார்ந்து, என் கேஸ்களைப் பற்றியும் அவை எனக்குள் என்ன செய்கின்றன என்பதைப் பற்றியும் பேசுவது. 'நீ இந்த வாரம் எந்த ஃபைலைத் திறக்காமல் தள்ளிவைத்தாய்?' என்று ஆரம்பிப்பார். எப்போதும் ஒன்று இருக்கும். இந்த ஒரு மணி நேரத்தைத் தராத இடத்தில் வேலைக்குச் சேராதீர்கள். இன்டர்வியூவிலேயே கேளுங்கள். 'எங்க ஆளுங்க எல்லாம் மனசு உறுதியானவங்க' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆளுக்கு எத்தனை கேஸ் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

யார் வரக்கூடாது என்றும் கேட்கிறார்கள். தானே அடிபட்டு வளர்ந்தவர்கள் வரலாமா? வரலாம். என் கூட வேலை செய்பவர்களில் ஆகச் சிறந்த இருவர் அப்படி வந்தவர்கள். தங்கள் கதையையும் எதிரே இருப்பவரின் கதையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள். நன்றியை எதிர்பார்ப்பவர்களைத்தான் கஷ்டம் என்று சொல்வேன். இந்த வேலையில் நன்றாக முடிந்த கேஸ் என்றால், அவர்கள் நம்மை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். தெருவில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நாமும் கூப்பிடக்கூடாது. பக்கத்தில் நடப்பவர் "யார் இவங்க?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

வீட்டுக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்று தெரியும் என்றாரே, அந்தப் பெண் அன்றைக்குக் கிளம்பவில்லை. நம்பரை ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ் பெயரில் சேமித்துக்கொண்டார். அவன் பக்கத்தில் இருக்கும்போது போன் செய்ய நேர்ந்தால், "இன்சூரன்ஸ் ஆபீஸா?" என்று கேட்கவேண்டும், நான் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்பேன் என்று பேசிவைத்தோம். குழந்தைகளிடம் கேட்கக்கூடாத அதே மாதிரிக் கேள்விகள்தான் இங்கே உயிரைக் காப்பாற்றும். முதல் ஆறு மாதத்தில் ஐந்து முறை கூப்பிட்டார். ஒருமுறை நான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அப்புறம் எட்டு மாதம் ஒன்றுமே இல்லை. நாங்களாகக் கூப்பிடுவதில்லை என்பது ஏற்பாடு. செய்தித்தாளை முதலில் உள்பக்கங்களிலிருந்து படிக்கும் பழக்கம் அந்த எட்டு மாதத்தில் வந்தது.

போன மாதம் ஒரு மதியம் போன் அடித்தது.

"இன்சூரன்ஸ் ஆபீஸா?"

குரல் தெரிந்துவிட்டது. "ஆமா. பக்கத்துல அவர் இருக்காரா?"

"இல்ல."

"அடிபட்டிருக்கா?"

"இல்ல, இல்ல." பின்னால் எங்கேயோ ஒரு பிள்ளை சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தது. "சும்மாதான். நம்பர் இன்னும் வேலை செய்யுதான்னு பாத்தேன்."

வைத்துவிட்டார். இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாரா, வேறு எங்காவதா, நான் கேட்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, அன்றைய அழைப்புகளில் ஒன்றைக் கூட்டினேன்.